உள்ளே தள்ளிய நாற்காலி

இடைவேளை முடிந்து வகுப்புக்குத் திரும்பிய ஆசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார். பீரோவின் உச்சியில் இருந்த கண்ணாடி ஜாடி தரையில் நொறுங்கிக் கிடந்தது. கோலிக்குண்டுகள் மூலைக்கு மூலை ஓடியிருந்தன.

ஒழுங்காக நடந்தால் ஒரு குண்டு. வாரம் முழுக்க மட்டம் போடாமல் வந்தால் ஒரு குண்டு. ஜாடி நிறைந்தால் வகுப்பே மலைக்குப் போய் இரவு தங்கி வரும். சஸ்பெண்ட் செய்வதை விட்டு இதைச் செய்து பார்ப்போம் என்று பிடிவாதமாக நின்றவர் பள்ளியின் ஆலோசகர். ஜாடி நிறைய இன்னும் ஒரு கைப்பிடிதான் பாக்கி இருந்தது.

மணி 11.10. உதவித் தலைமையாசிரியரின் அறை.

"விசிட்டர்தான்," என்றார் அவர். எப்போதாவது வருகிற மாணவிக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் அது. "பாக்கெட்ல குண்டோட பிடிச்சிருக்கோம். ஏற்கெனவே ரெண்டு சஸ்பென்ஷன். இதோட டி.சி.தான். அவ அப்பா வந்துட்டிருக்கார்."

"ஒரு மாசமா ஒழுங்கா வர்றா சார்," என்றார் ஆலோசகர்.

"அதான் எல்லாத்துக்கும் சேர்த்து வெச்சுக் குடுத்துட்டாளே!"

"அவர் வர்றவரைக்கும் பொறுங்க," என்று ஆலோசகர் எழுந்தார்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். காலணி முழுக்க மைதானத்துச் சேறு.

"உடைச்சியா?"

"இல்ல."

"உள்ள போனியா?"

"போனேன். உடைஞ்சு கிடந்துச்சு."

"குண்டு?"

"பச்சை. நான் மொதமொதல்ல வாங்குனது மிஸ். கூட்டித் தள்ளிருவாங்கன்னு எடுத்தேன்."

"உடனே சொல்லியிருக்கலாமே?"

"விசிட்டர் சொன்னா யாரு மிஸ் நம்புவா?"

மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பி வகுப்பைப் பூட்டியிருந்தார்கள். சாவியோடு வகுப்பு லீடர் காத்திருந்தான், வலக்காலில் பாரத்தைப் போட்டபடி. கதவைத் திறந்துவிட்டு, "பெருக்கிடட்டுமா மிஸ்?" என்றான்.

"எதையும் தொடாதே. இங்கேயே நில்லு."

மழைக்குப் பிறகான இடைவேளை. தரையெங்கும் சேற்றுத் தடம். மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து ஓடிய வேகத்தில் நாற்காலிகள் கோணல் மாணலாகக் கிடந்தன. பீரோவுக்கு அருகில் இருந்த ஒன்று மட்டும் மேசைக்கடியில் கச்சிதமாகத் தள்ளப்பட்டிருந்தது. ஆலோசகர் அதை வெளியே இழுத்தார். உட்காரும் பலகையில் கண்ணாடிச் சில்லுகள். ஒரு துளி சேறு இல்லை.

இந்த விடையை அவர் விரும்பவில்லை.

"தம்பி, இடது ஷூவைக் கழட்டு."

அவன் கழற்றினான். காலுறையில் ரத்தம் ஊறியிருந்தது.

பிறகு அவர் காதருகே அவன் முணுமுணுத்ததை வேறு யாரும் கேட்கவில்லை.

மணி 11.45. மீண்டும் உதவித் தலைமையாசிரியரின் அறை.

"லீடரா? உளறாதீங்க மேடம்!"

"மேசைக்கடியில இருந்த நாற்காலி மேல கண்ணாடி எப்படி சார் விழும்? உடைஞ்சப்போ அது வெளிய இருந்திருக்கு. அதுல ஏறித்தான் ஜாடியை எடுத்திருக்காங்க. ஏறினது சேத்துக்கால் இல்ல. ஷூவைக் கழட்டி வெச்சிட்டு ஏறின கால். இறங்குறப்போ சில்லு குத்தியிருக்கு. அந்தப் பதட்டத்துலயும் நாற்காலியை உள்ள தள்ளிட்டுத்தான் போயிருக்கான். இவ்வளவு நல்ல பிள்ளை இந்த வகுப்புல வேற யாரு?"

உதவித் தலைமையாசிரியர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"கொஞ்சம் குண்டை எடுத்து ஒளிச்சா டூர் தள்ளிப் போகும்னு நினைச்சான். கை நழுவிருச்சு."

"டூர் பிடிக்காதா? ஏன்?"

"காரணத்தை என்கிட்ட சொல்லிட்டான். அது உங்களுக்கு வேண்டாம். வெளியூர்ல ராத்திரி தங்க அவனுக்குப் பயம், அவ்வளவுதான்."

உதவித் தலைமையாசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, தெரியாம செஞ்சிட்டான். கூப்பிட்டுப் பேசிக்கலாம்."

"அவகிட்டயும் பேசியிருக்கலாமே சார்."

ஆலோசகர் கதவைத் திறந்தார். பெஞ்ச் காலியாக இருந்தது.

வாசல் காவலாளி மூச்சிரைக்க வந்தார். "சார், அந்தப் பொண்ணோட அப்பா வந்தாரு. 'படிச்சுக் கிழிச்சது போதும்'னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாரு."

"எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாப் பக்கம்."

ஆலோசகர் படியிறங்கிவிட்டார். பின்னால் உதவித் தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"மேடம், நில்லுங்க! அவ பேரு என்ன?"

ஆலோசகர் சொன்னார். உதவித் தலைமையாசிரியர் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே, மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் ஓடினார்.