சுக்கானில் அப்பா இருக்கிறார்

படகுப் பட்டறையின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது மாலை வெயில் முழுதாக இறங்கியிருக்கவில்லை. தண்ணீரிலிருந்து தூக்கி, கட்டைகளின் மேல் நிறுத்தி, இருபுறமும் முட்டுக்கொடுத்திருந்த படகுகளின் வரிசையில் கடைசியாக நின்றது என் மகளுடையது. அது கரைக்கு வந்து மாதங்களாகிவிட்டன. அவள்தான் வரவில்லை.

அவளைப் பற்றிப் படகுப் பந்தயக் குழு தெரிவித்த முடிவில் ஒரு சொல் என்னை அரித்துக்கொண்டிருந்தது. ‘அலட்சியம்.’ தனியாகப் படகோட்டுகிறவர்கள் இடுப்பில் பட்டை அணிந்து, அதிலிருக்கும் கயிற்றைப் படகோடு கொக்கியால் மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் பட்டையைக் கழற்றிவிட்டாளாம், ஆகவே அலட்சியமாம். நாளிதழ் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், ‘அலைகளோடு கலந்தாள்’ என்று எழுதியது. பாலில் சர்க்கரை கலக்கும். என் மகள் கலக்கவில்லை; விழுந்தாள். அந்த வினைச்சொல்லை நேராக எழுதத் துணிவில்லாதவர்கள் அவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டார்கள்.

பள்ளி விடுமுறையில் ஒற்றைப் பாய்ப் படகில் ஏறியவள் அவள். கவிழ்ந்து கவிழ்ந்தே கற்றாள். பிறகு பிறர் படகுகளின் அடிப்பாசியைச் சுரண்டினாள். துறைமுகம் விட்டுத் துறைமுகம் அவற்றைக் கொண்டுசேர்க்கும் வேலைக்குப் போனாள். யாரோ கைகழுவிய இந்தப் பழைய படகை வாங்கி, ஆணி ஆணியாகப் புதுப்பித்தாள். பெருங்கடல் பந்தயத்தில் சேருவதற்குமுன் தகுதிப் பயணம் ஒன்றைத் தன்னந்தனியே முடித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. அதில்தான் தொலைந்தாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. தளும்பும் தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆகவே ஒருநாளும் அவள் படகில் ஏறியதில்லை.

“நீங்க வந்தா கடல்தான் பாவம்ப்பா,” என்று என் தொந்தியைத் தட்டிச் சிரிப்பாள். “ஆனா வந்தீங்கன்னா, முதல் வேலையா என் பட்டையைக் கழட்டி உங்களுக்குத்தான் கட்டிவிடுவேன்.”

பட்டறைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பயணத்தின்போது கரையிலிருந்து ரேடியோவில் அவளோடு பேசிவந்தவர் அவர்தான். மறுநாள் ஓர் இளைஞன் படகை வாங்கிப் போக வருவதாகவும், அதற்குள் அவளுடைய பொருள்களை நான் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். மேலே எதையும் தொடவில்லை என்றார்.

ஏறியதும் உப்பு வாடை. ஈரத்துணியை நெடுநாள் மூடிவைத்த பெட்டியைத் திறந்தாற்போன்ற வாடை. கோடை முழுதும் வெயிலில் காய்ந்த படகில், அறைக்குள் அவளுடைய மெத்தை மட்டும் நனைந்திருந்தது. தலைமாட்டில் அவளுடைய அலாரம். தனி மாலுமிகள் நீளத் தூங்க முடியாது; துண்டு துண்டாகத்தான் தூங்குவார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அது அலற வேண்டும்.

படகைத் திருப்பும் சுக்கான் கோலின் பக்கத்தில் பட்டை கிடந்தது. கயிற்றின் கொக்கி படகின் வளையத்தில் ஒழுங்காக மாட்டியிருந்தது. பட்டையும் பூட்டித்தான் இருந்தது.

ஆனால் அது கடைசி வரை தளர்த்தப்பட்டிருந்தது.

என் மகள் விளக்குமாற்றுக் குச்சி. அந்தப் பட்டைக்குள் அவளைப்போல் இருவர் நிற்கலாம். அதை எடுத்து என் இடுப்பில் சுற்றிப் பூட்டினேன்.

அளவு எடுத்ததுபோல் பொருந்தியது.

யாருக்காக அவள் இதைத் தளர்த்தினாள் என்று கீழே நின்றவரைக் கேட்டேன். தானாக ஓடும் சுக்கான் கருவி புயலில் பழுதானதையும், அவள் கண்மூடாமல் கோலைப் பிடித்துக்கொண்டே வந்ததையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். தூக்கம் கெட்டால் தனி மாலுமிகளுக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதுபோலத் தோன்றுமாம், எல்லாருக்கும் நேர்வதாம்.

“கடைசியாப் பேசினப்ப குரல்ல அவ்வளவு சந்தோஷம் சார். ‘அண்ணே, இனிமே கவலையில்ல, அப்பா வந்துட்டாரு. சுக்கானை அவர்கிட்ட குடுத்துட்டேன். பாவம், நீச்சல் தெரியாது, பட்டையை அவருக்குக் கட்டிவிட்டுட்டேன். நான் கொஞ்சம் தூங்கறேன்’னு சொன்னா. கத்திக் கத்திக் கூப்பிட்டேன். பதில் வரல.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இதைச் சொன்னா அவளைப் புத்தி பேதலிச்சவன்னு எழுதுவாங்கன்னு குழுகிட்ட சொல்லல.”

அலட்சியமாம். நீச்சல் தெரியாத தகப்பனுக்குத் தன் கயிற்றைக் கட்டிவிட்டதற்கு அகராதியில் வேறு சொல் இருக்கிறது.

அவர் விளக்கைப் போடப் பட்டறைக் கொட்டகைக்குள் போனார். நான் பட்டையைக் கழற்றாமல், கோலைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். இருள் கவியத் தொடங்கியிருந்தது. காற்று இல்லை.

படகு அசைந்தது.

கட்டைகளின் மேல், காய்ந்த மண்ணின் மேல் நின்ற படகு, மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. எனக்குத் தலை சுற்றியது. அடியில் தண்ணீர் உரசும் ஓசை.

அறைக்குள்ளிருந்து மூச்சு கேட்டது.

சளி பிடித்த குழந்தையினுடையதைப்போல் லேசாக விசிலடிக்கும் மூச்சு. எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும்.

அலாரம் அலறியது. நனைந்த கை ஒன்று எதையோ தட்டும் ஓசை. அலறல் நின்றது.

“அப்பா, முழிச்சிருக்கீங்களா?”

ஓடியிருக்க வேண்டும். கை கோலைவிட்டு வரவில்லை.

“முழிச்சிருக்கேன் பாப்பா. நீ தூங்கு.”

“பட்டையைக் கழட்டிடாதீங்க.”

“கழட்டல.”

மூச்சு மறுபடியும் சீரானது. கன்னத்தில் வழிந்தது உதட்டில் உப்புக் கரித்தது. அது என்னுடையதா, கடலுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

படகை நான் விற்கவில்லை. நாள்தோறும் அந்தி சாயும் வேளையில் ஏணி ஏறிப் பட்டையைப் பூட்டிக்கொண்டு உட்காருவேன். அவள் தூங்குவாள். பைத்தியம் என்று ஊர் சொல்கிறது, சொல்லட்டும்.

சென்ற வாரம் ஒருநாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் வீட்டில் கிடந்தேன். அன்றிரவுதான், அவள் போனபிறகு முதன்முறையாக, கனவில்லாமல் அயர்ந்து தூங்கினேன். விடிந்ததும் பட்டறைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், நேத்து நீங்க வந்தீங்களா?”

வரவில்லை என்றேன்.

“பட்டை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. சின்ன இடுப்புக்கு இறுக்கிப் பூட்டியிருக்கு. சுக்கான் கோலைத் தொட்டுப் பார்த்தேன் சார். கதகதப்பா இருக்கு. யாரோ ராத்திரி பூரா பிடிச்சிருந்துட்டு இப்பத்தான் கையை எடுத்த மாதிரி.”