ஒரு தட்டுக்கு நிற்க வேண்டும்

வெயிலில் காய்ந்த அலுமினியத் தகடு, மேகம் மூடிக் குளிரும்போது சுருங்கி 'டக்' என்று ஒரு சத்தம் போடும். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சுருங்கும்; இரண்டு உலோகத்தையும் சேர்த்து முடுக்கிய பழைய ஜீப்பில் அந்த இழுபறி ஓய்வதே இல்லை. அஜந்தனுக்கு இது தெரியும். ஆனால் அன்று விடிந்ததிலிருந்தே மழை. ஜீப் ஷெட்டுக்குள் நின்றது. இஞ்சின் இன்னும் பூட்டப்படாமல் சங்கிலியில் தொங்கியது. சூடே ஏறாத தகடு ஏன் சத்தம் போட வேண்டும்?

டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் தடுப்புத் தகடு. பின்பக்கத்திலிருந்து. ஒரே ஒரு தட்டு.

இலங்கையின் யட்டியாந்தோட்டைக்கு மேலே அந்த ரப்பர் மலையில், ஜீப்பின் பின்னால் ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. இரண்டு வருடத்துக்கு முன், லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ரப்பர் பால் வெட்டப் போயிருந்த காலையில், தோட்டத்து டிரைவரான அஜந்தன் நிறைமாத மனைவி தர்மிளாவை இதே ஜீப்பின் பின்னால் தனியாகப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியில் ஒரு தட்டு கேட்டது. நின்றால் நேரம் போகும் என்று நிற்கவில்லை. பாலத்தருகே இன்னொன்று. வேகத்தைக் கூட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவளும் போயிருந்தாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிருந்தது. என்ன சொல்லத் தட்டினாள் என்பது அவனுக்குத் தெரியவே இல்லை.

தோட்டம் கழித்துப்போட்ட ஜீப்பை அவன் கேட்டு வாங்கியது தர்மிளாவின் தங்கை ஜீவராணிக்காக. அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். மழையில் ஆட்டோ மேலே ஏறாது. அடியிலிருக்கும் ஸ்பிரிங் வில்லுக்கு ஒரு பட்டை கூட்டி வண்டியை நான்கு விரல் உயர்த்தினான். இஞ்சின் மூச்சிழுக்கும் குழாயைக் கூரைவரை கொண்டுபோனான். ரோட்டைக் கடக்கும் ஓடைத்தண்ணீர் பானெட்டைத் தொட்டாலும் உள்ளே காற்றுதான் போகும். கடைசியாக, தடுப்புத் தகட்டின் பின்பக்கத்தில், புகைவாடை போகாத ரப்பர் ஷீட்டை இரண்டு மடிப்பாக ஒட்டினான். ரப்பர் அதிர்வைத் தின்றுவிடும்.

ஜீவராணியின் புருஷன் சசி எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணே, வண்டிக்கு மெத்தையா? லயத்துல எனக்கே தலகாணி இல்ல!"

"ஒன் பொஞ்சாதிக்குத்தான்டா."

"ஹரி ஹரி, சரிதான், அப்ப இன்னொன்னும் ஒட்டுங்க."

சிரித்துக்கொண்டே போனான். அவன் செருப்புச் சத்தம் மழையில் கரைந்ததும், டக். ரப்பர் இருந்தும், வெறும் தகட்டில் விரலெலும்பு பட்டதுபோல அத்தனை தெளிவாக.

இஞ்சின் பூட்டிய மூன்றாம் நாள், மழையில் இருண்ட ஒரு பிற்பகலில் ஜீவராணிக்கு வலி வந்தது. ரோட்டில் விழுந்த மரத்தை வெட்டச் சசியும் ஆட்களும் முன்னால் இறங்கியிருந்தார்கள். அவளும் அவள் அம்மா மருதாயியும் பின்னால் ஏறினார்கள். அஜந்தன் ஓட்டினான். ஓடை பானெட்டைத் தொட்டது; இஞ்சின் திணறவில்லை. ஒரு கணம் அவனுக்கு அழுகை வந்தது. தர்மிளா இருந்தபோதே இதைச் செய்திருக்கலாம்.

டக்.

இந்த முறை நிறுத்தினான். மழையில் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான்.

"ஏன் மாப்புள நிப்பாட்டுனீங்க?" என்றாள் மருதாயி. மகளின் இரண்டு கைகளையும் தன் மடியில் பிடித்துவைத்திருந்தாள். "இங்க யாரும் தட்டலையே!"

ஜீவராணி அவனை அமைதியாகப் பார்த்தாள். "வலி நின்னுருச்சு அத்தான்." கையை விடுவித்து வயிற்றில் வைத்தாள். சற்றுப் பொறுத்து, "புள்ளயும் அசையல."

ஓடினான். சீட்டில் ஏறினான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியரில் கை.

டக், டக்.

தர்மிளா போகச் சொல்கிறாள்.

திரும்பிப் பார்த்தான். தடுப்புத் தகடு அவன் முகத்தை நோக்கிப் புடைத்துக்கொண்டிருந்தது. மெதுவாக. ஐந்து விரல். உள்ளங்கை. அவனுக்கு அளவு தெரிந்த கை. அதற்குப் பக்கத்தில், ரப்பர் விதை அளவில், இன்னொரு கை.