கண்ணாடியில் உப்புக்கறை

அவள் முதலில் பார்த்தது அவனை இல்லை, அவன் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியை.

இரண்டு லென்ஸிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்... சட்டை நுனியால் தேய்த்த கீறல்கள் வேறு. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கப் பார்வை பரிசோதிக்கிறவள் அவள். வாரத்துக்கு ஒரு மாலை ஓய்வு, அதிலும் மீன் கடைக்கு வந்த இடத்தில் இதுதானா கண்ணில் பட வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் மீன்களுக்குத் தீனி எடுக்கப் போனாள். காது மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

"வீட்ல ரெயின்போ மீன் கொஞ்சம் இருக்குண்ணே. தொட்டி பெருசு, வெறிச்சுனு கிடக்கு. துணைக்கு இந்த நியான் டெட்ராவுல ஒரு பத்து போடுங்க," என்றான் அவன்.

மீன்கடைக்காரர் சந்தோஷமாக வலையை எடுத்தார்.

"அது செத்துப்போயிடும்," என்றாள் அவள். வாய் முந்திக்கொண்டது.

அவன் திரும்பினான். "என்னங்க?"

"உங்க வீட்டுல உப்புத்தண்ணி. ரெயின்போ அதுல ஜம்முனு இருக்கும். நியான் தாங்காது."

"எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"உங்க கண்ணாடி சொல்லுதே. குழாயில காட்டிட்டு அப்படியே காய விட்டிருக்கீங்க. தண்ணி போயிடும், உப்பு ஒட்டிக்கும்."

அவன் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு, வெறுங்கண்ணோடு அவளைப் பார்த்தான். கதைகளில் இந்த இடத்தில் மின்னல் வெட்டும். அவளுக்கு, பவர் மைனஸ் மூன்று இருக்கும் என்று தோன்றியது. இமை கொஞ்சம் நீளம்... அது பரிசோதனையில் சேராத விஷயம். இருந்தாலும் பார்த்தாள்.

"பத்தையும் போடுங்கண்ணே," என்றான் அவன் கடைக்காரரிடம். ரோஷம்.

அவளுக்கும் ரோஷம் குறைவில்லை. கைப்பையிலிருந்து, தங்கள் கடைப் பெயர் அச்சடித்த துணி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். "கண்ணாடியையாவது காப்பாத்துங்க."

அடுத்த வாரமே அவன் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு கடை தேடி வந்துவிட்டான். கல்லாவில் அவளுடைய அக்கா. கடை இரண்டு பேருக்கும் பொது. வாடிக்கையாளரிடம் சிரிக்கிற வேலை மட்டும் அக்காவுடையது.

"நியான் போச்சுங்க," என்றான் அவன் அவளிடம்.

"எல்லாமா?"

"ரெண்டு பாக்கி. அதுங்களும் யோசிச்சிட்டு இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அந்த ரெண்டையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடுங்க. பொழச்சுப் போகட்டும்."

அதன்பின் வாராவாரம் வந்தான். பக்கத்து அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறவனாம். "பகல் பூரா இருட்டுக் குழிக்குள்ள வேலைங்க. வீட்டுக்குப் போனா நாலு கலர் கண்ணுல படணும்ல," என்பான். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் கறை. கேட்டால், "மழையில மாட்டிக்கிட்டேங்க..." அது மழைக்காலம்தான். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கி, இரண்டு சொட்டு மருந்து விட்டுத் துடைத்துத் தருவாள். துடைக்கிற நேரத்தில் பேச்சு.

"நீள வால் வச்சு ஆடி அசைஞ்சு நீந்துதே, அந்த மீன் போடலாமா?"

"ரெயின்போ பந்திக்கு முந்துற கூட்டம். அது அசைஞ்சு வந்து சேர்றதுக்குள்ள இலையே காலியாயிடும்."

"அப்ப நான் எந்த மீனைத்தான் போடறது?"

"அவசரம் என்ன? யோசிச்சு சொல்றேன்."

அவள் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. பதில் அவளுக்குத் தெரியும். ஆனால் வாரம் ஒரு மீனாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அவனுக்குக் 'கறைக்கண்ணாடி' என்று பெயரே வைத்துவிட்டாள்.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் அவன் முகமெல்லாம் பல்லாக வந்து செல்போனை நீட்டினான். படத்தில் நீலமாக ஒரு சிக்லிட். "உப்புத்தண்ணிக்குன்னே பொறந்த மீனாம். வாங்கிட்டேன்."

அடுத்த படத்தில் ரெயின்போ மீன்கள் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. நிறம் வெளுத்து, சிக்லிட் கடித்துத் துடுப்பு கிழிந்து...

"அறிவிருக்கா உங்களுக்கு? தண்ணி ஒத்துப்போனா குணமும் ஒத்துப்போயிடுமா?"

குரல் கடை முழுக்கக் கேட்டது. கல்லாவில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவுக்கு மட்டும்தான் தெரியும், இது மீனைப் பற்றிய பேச்சில்லை என்று. சில வருஷங்களுக்கு முன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரே தொழில், பக்கத்துத் தெரு, எல்லாப் பொருத்தமும் இருக்கிறது என்றார்கள் பெரியவர்கள். அந்த மாப்பிள்ளையோ, நாலு பேர் எதிரில் அவள் வாய் திறந்தாலே மட்டம் தட்டுவான். கடைசியில் அவளே வேண்டாம் என்று நிறுத்தினாள். அன்றிலிருந்து தனியாக இருப்பதே நல்லது என்று முடிவு.

இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? "ஒரு மீனுக்கு இவ்வளவு திட்டா? உங்ககூட இருக்கணும்னா மீன்கூட பயந்துட்டுதாங்க இருக்கணும்," என்றான்.

பாதி துடைத்த கண்ணாடியை அவள் மேஜையில் வைத்தாள். "இனிமே வேற கடையில துடைச்சுக்கங்க."

அவன் போய்விட்டான்.

மறுவாரம் வரவில்லை. அதற்கு மறுவாரமும் இல்லை. "நம்பர் இருக்கே, ஒரு போன் போடேன்டி," என்றாள் அக்கா. "நான் ஏன் போடணும்?" என்றாள் இவள். சொல்லிவிட்டு, யாரும் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி அவன் வரவே மாட்டானோ... என்ற நினைப்பு வலித்தது. தனியாக இருப்பது நல்லது என்று சொன்ன மனசுதானா இது?

ஓய்வு மாலை வந்தது. வீட்டில் தீனி டப்பா நிறைய இருந்தது. ஆனாலும் மீன் கடைக்குப் போனாள்.

வெளியே மழை கொட்டியது. உள்ளே, தொப்பலாக நனைந்தபடி அவன். கையில் ஒரு பை, அதில் நீல சிக்லிட். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான். கண்ணாடி முழுக்க மழைத்துளி.

அவள் கையை நீட்டினாள். "குடுங்க."

"கறை இல்லீங்க... இன்னைக்கு நெஜமாவே மழைதான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"தெரியும். மழைத்தண்ணியில உப்பு கிடையாது. காஞ்சா வெள்ளைக் கறை விடாது," என்றாள் அவள்.

அவன் காது சிவந்தது. "எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவை மழைன்னு சொன்னீங்களே, அப்பவே. என்ன செய்வீங்க, தொட்டித் தண்ணிய சொட்டு விட்டுக் காய வைப்பீங்களா?"

"...ஆமா."

மீன்கடைக்காரர் பையை வாங்கிக்கொண்டு நாசூக்காகப் பின்பக்கம் போனார்.

"அன்னைக்கு நான் கத்தினது உங்க மேல இல்லீங்க. முன்ன ஒருத்தரோட எனக்கு நிச்சயமாச்சு. எல்லாம் பொருந்துதுன்னாங்க. குணத்தை யாரும் பாக்கல... நானும் பாக்கல. அந்தக் கோபம் உங்க தலையில விழுந்துடுச்சு."

"நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பயந்தவன் எவனாவது வாராவாரம் கண்ணாடியில சொட்டு வச்சுட்டு வருவானா?" அவன் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "எனக்கு உங்களைப் பாக்கணும். வேற காரணம் கிடைக்கல. ஆனா... பொய்னு தெரிஞ்சும் ஏன் துடைச்சுக் குடுத்தீங்க?"

அவள் திரும்பி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, ஸ்வார்ட்டெயில் மீன் ஆறு போடுங்க. உப்புத்தண்ணியும் ஒத்துக்கும், ரெயின்போ குணமும் ஒத்துக்கும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். சொல்லிட்டா அப்புறம் நீங்க வரமாட்டீங்களே..." லென்ஸைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கு இங்க கண்ணாடியக் கழட்டினீங்கல்ல... மைனஸ் மூணுன்னு நினைச்சேன். அதோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."



"கண்ணாடியக் குடுங்க," என்றான் அவன் மெல்ல. "இப்ப உங்க முகத்தைப் பாக்கணும்."

"இருங்க, துடைச்சுட்டுத் தரேன்."

மழைத்துளி எப்போதோ போய்விட்டிருந்தது. அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.