திங்கட்கிழமை வெயில்

காலை 11.40. கோட்டைக்கு ஏறும் இருநூற்றுப் பன்னிரண்டாம் படியில் வழிகாட்டி செத்துக் கிடந்தார். களைப்பில் உட்கார்ந்துவிட்டார் என்றுதான் பின்னால் வந்த ஒன்பது பயணிகளும் முதலில் நினைத்தார்கள். அவரைக் ‘கதைக்காரர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். படிக்கு ஒரு ராஜா கதை வைத்திருந்த மனுஷன், பாதிக் கதையில் போய்விட்டார். டாக்டர் ஒரே வார்த்தையில் காரணம் சொன்னார்: வெயில்.

போன வருடம் இரண்டு பயணிகள் மயங்கி விழுந்தபோது, வெயில் ஆபத்தை மதிப்பிட ஒரு குழு வந்தது. வழியில் நிழற்கூடம் கட்டுங்கள், தண்ணீர் வையுங்கள், மூடும் நாட்களில் வழிகாட்டிகளுக்கு வேறு வேலை கொடுங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தது. நடந்தது ஒன்றுதான். வாசலில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானி. காலை பத்து மணிக்கு நாற்பதைத் தொட்டால் கதவைத் திறக்கக் கூடாது. சிக்கனத்தில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது!

மறுநாள் காலை 10.00. இன்ஸ்பெக்டர் அம்மாள் பெட்டியைத் திறந்து பார்த்தார். நாற்பத்திரண்டு. வாசல் காவலாளி தினமும் எழுதும் நோட்டில் முந்தின நாள் முப்பத்தேழு.

“ஒரே ராத்திரியில அஞ்சு டிகிரி ஏறுமாப்பா?”

காவலாளி நோட்டைத் தொட்டுக் காட்டினான். செத்தவர் அவனுக்கு அக்கா புருஷன். “பாத்ததத்தான் எழுதினேன் மேடம். சத்தியமா.”

“பொய்யா எழுதிக் கதவத் தொறந்து, மாமாவையே கொன்னுட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. உன்ன உள்ள வைக்கிறதத் தவிர எனக்கு வேற வழி?”

“என் தம்பிய விட்டுருங்கம்மா!” வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்கா கத்தினாள். தினமும் அந்த வாசலைக் கூட்டித் துடைப்பவள் அவள்தான். இன்றைக்கு வாளி தொடவில்லை. கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். மூன்று வாரமாக முப்பத்தேழு, முப்பத்தெட்டு. நடுவில் மூன்றே மூன்று நாள் மட்டும் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. அந்த மூன்று நாளும் கோட்டை மூடியிருந்தது. பிறகு வெப்பமானியை வெளியே எடுத்தார். அடிக்குமிழைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

“மூணும் திங்கக்கிழமை. திங்கக்கிழமை நீ லீவாப்பா?”

“இல்ல மேடம். எனக்கு ஞாயித்துக்கிழமை.”

“அன்னிக்கு யாருக்கு லீவு?”

அவன் வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான்.

“நீ பொய் எழுதியிருந்தா திங்கக்கிழமையும் எழுதியிருப்ப,” என்றார் இன்ஸ்பெக்டர். “யாரோ ஈரத்துணிய இந்தக் குமிழ்ல சுத்தி வச்சிருக்காங்க. ஈரம் பட்டா சூட்டக் கொறச்சுக் காட்டும். தண்ணி காஞ்சு உப்பு நின்னுடுச்சு. நீ நோட்டோட வர்றதுக்குள்ள துணிய எடுத்துடுவாங்க. பத்து மணிக்கு முன்னாடி இங்க வாளியோட நிக்கிறது ஒரே ஆள்தான்.”

அக்கா எழுந்து வந்தாள். “நான்தாம்மா.”

“அக்கா!”

“சும்மா இருடா. அவர் குடிய விட்டு எட்டு மாசம் ஆச்சும்மா. போன மாசம் வெயில்னு நாலு நாள் சேந்தாப்ல மூடினாங்க. வேலை இல்லாம வீட்ல சுத்திச் சுத்தி வந்தார். நாலாவது நாள் சாராயக்கடை வாசல்ல நின்னார். கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். கதவு தொறந்திருந்தா கதை சொல்லிக்கிட்டே மலையேறிடுவார், அந்த நெனப்பே வராது. திங்கக்கிழமை நான் வீட்ல இருப்பேன், பாத்துக்குவேன். மத்த நாளைக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?”

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். பாவம், திட்டவும் மனம் வரவில்லை. “நீ வீட்டுக்குப் போப்பா,” என்றார் காவலாளியிடம். அவன் நகரவில்லை.

காலை 10.50. போலீஸ் ஜீப்பில் ஏறப் போன அக்கா நின்றாள்.

“டாக்டர் அறுத்துப் பாத்தாராமே. நேத்து அவர் குடிச்சிருந்தாரா?”

“இல்லம்மா. ஒரு சொட்டு இல்ல,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். “கேட்டியாடா? ஒரு சொட்டு இல்லையாம்,” என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.