பத்தாவது பெயர்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் செவ்வாய்க் கோளின் எபெனேசர் ஆலயம் நிரம்பியிருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எழுந்து நின்று, சுருதி பிசகாமல் கீர்த்தனை பாடினார்கள். அவர்களில் இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு நுரையீரல் கிடையாது.

அந்த இயந்திரங்களுக்குப் பதிலி என்று பெயர். உடையவரின் முகம், குரல், வழுக்கை எல்லாம் அப்படியே வார்க்கப்பட்டிருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஆளா பதிலியா என்று சொல்ல முடியாது. ஞாயிறானால் அதற்கு நல்ல துணி உடுத்திக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, உடையவர் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். மதியம் குழம்பு கொதிக்கும் நேரத்தில் பிரசங்கத்தின் சாரம் நாற்பது சொற்களில் வீட்டுச் சுவரில் வந்து நிற்கும். அந்த நாற்பதையும் முழுதாகப் படித்தவர்கள் குறைவு.

சபைப் பெரியவர்களில், நிர்வாகம் பார்க்கும் சேகரச் செயலர் தங்கப்பழம் மட்டும் பதிலி வைத்துக்கொள்ளவில்லை. பக்தி முற்றிப்போய் அல்ல. மைக்கைப் பதிலியிடம் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பிரசங்கம் முடிந்ததும் அறிவிப்பு வாசிப்பது பத்தொன்பது வருடமாக அவருடைய உரிமை. பிரசங்கம் இருபது நிமிடம் என்றால் அறிவிப்பு முப்பது நிமிடம் போகும்.

அந்த ஞாயிறு அவர் குடியேற்ற வாரியத்தின் கடிதத்தை வாசித்தார். ஆலயக் கூரையில் செந்தூசியைத் தடுக்கும் தூசித்திரை ஒன்று உண்டு. அதைப் பொறி உதறிவிடும். மின்சாரம் நின்றால் மனிதர்கள் கைப்பிடியைச் சுற்றி உதற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். ஆகவே ஒவ்வொரு மண்டபத்துக்கும் பத்துத் தன்னார்வலர்கள் வேண்டும், வாரம் அரை மணி நேரம் பழக வேண்டும் என்பது சட்டம். எபெனேசர் ஆலயம் இதுவரை பதிலிகளின் பெயரைக் கொடுத்து ஏமாற்றியது இப்போது பிடிபட்டுவிட்டது. சனிக்கிழமை நண்பகலுக்குள் பத்து மனிதர்கள் பதிவுப் பலகையில் உள்ளங்கை வைக்காவிட்டால் ஆலயத்துக்குச் சீல்.

"யாராவது முன்வாருங்கள்," என்று தங்கப்பழம் மன்றாடினார். இருநூற்றுத் தொண்ணூறு தலைகள் பணிவோடு ஆடின. ஆலயம் போனால் மைக் போய்விடும் என்ற நினைப்பில் அவருக்கு அன்று சோறே இறங்கவில்லை.

மறுநாளே வீடு வீடாகக் கிளம்பினார். என்ஜினியர் கனகராஜ் கட்டிலை விட்டு எழாமலே வரவேற்றார்.

"எனக்கும் உள்ளுக்குள்ள பாரமாத்தான் இருக்கு அண்ணாச்சி. உங்கள ஜெபத்துல தாங்குதேன்."

மேபல் டீச்சர் இன்னும் தாராளம். "எங்க வீட்டுப் பதிலிய எத்தன நாள் வேணும்னாலும் அனுப்புதேன். அது சோம்பேறி கிடையாது."

வாலிபர் சங்கத் தலைவர் சாக்கையே சேவைபோலச் சொன்னார். "இதுக்கு ஒரு கமிட்டி போடுங்க. அதுல நான் இருக்கேன்."

வெட்கங்கெட்ட கூட்டம் என்று தங்கப்பழம் ஒவ்வொரு வாசலிலும் மனசுக்குள் வைதார். அதில் தப்பே இல்லை. அந்தச் சபையைப் பற்றி அவர் நினைத்தது அத்தனையும் உண்மை.

ஆனாலும் ஒன்பது பேர் வந்தார்கள். முதலில் உள்ளங்கை வைத்தவள் மருத்துவமனை நர்ஸ் சொர்ணபாய். அவள் பின்னால் சமையல்காரர்கள் இருவர், குழாய் வேலைக்காரர்கள் ஐவர், கால் விந்தி நடக்கும் பழைய ஓட்டுநர் ஒருவர். முன்வரிசையில் ஒரு நாளும் உட்காராதவர்கள்.

"பத்தாவது ஆளு யாரு செயலரய்யா?" என்று சொர்ணபாய் கேட்டாள்.

"அதத்தாம்மா நாயா அலைஞ்சு தேடுதேன்."

அவள் அவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தாள். வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். தங்கப்பழம் மேலும் இருபத்தாறு வீடுகள் ஏறி இறங்கினார்.

சனிக்கிழமை நண்பகல் வாரியத்தின் பரிசோதகப் பொறி வந்தது. ஒன்பது பேரும் வாசலில் நின்றார்கள். பொறி பலகையைப் பார்த்தது.

"ஒன்பது. வேறு மனிதர் இருக்கிறாரா?"

"ஒருத்தரும் இல்ல," என்றார் தங்கப்பழம் எரிச்சலோடு. "நான் மட்டுந்தான் நிக்கேன்."

"நீங்கள் உள்ளங்கை வைக்கிறீர்களா?"

"நான் செயலர்லா. ஆள் சேக்கறதுதான் என் வேல."

பொறி ஆலயச் சுவரிலும் வீட்டுச் சுவர்களிலும் அந்த வாரம் பதிவான ஒலியை ஓட்டிப் பார்த்தது. "யாராவது முன்வாருங்கள், நூற்றுப் பதினேழு முறை," என்று வாசித்தது. "இந்த ஊரில் முகத்தை வைத்து மனிதரை அடையாளம் காண முடியாது. நடத்தையை வைத்தே பிரிக்கிறோம். வேலை செய்கிறவர் மனிதர். சாக்குச் சொல்லி நழுவுகிறவரும் மனிதர்தான். வேலை தன்னையும் சேரும் என்று தோன்றாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது கருவி."

பிறகு கதவை மூடிச் சீல் வைத்து, ஆலயத்தின் உடைமைகளுக்கு ஒட்டுச்சீட்டு அச்சடித்தது. பெஞ்சு நாற்பது. ஆர்மோனியம் ஒன்று. மணி ஒன்று. கடைசிச் சீட்டைத் தங்கப்பழத்தின் நெஞ்சில் அழுத்தி ஒட்டிவிட்டு நகர்ந்தது. அதில் 'ஒலிபெருக்கி, ஒன்று' என்றிருந்தது.

அவர் குனிந்து அதைப் படித்தார். முகம் சிவந்தது. இரண்டு கையும் சும்மா தொங்க, வாசலில் நின்ற ஒன்பது பேரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்துக்கிட்டே நிக்கியளே. யாராவது ஒரு ஆள் வந்து இத உரிச்சு விடுங்களேன்."

சொர்ணபாய் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஜெபத்துல தாங்குதோம் செயலரய்யா," என்றாள்.