நீட்டி ஒன்று, வெட்டி மூன்று

பழையாற்று முகத்துவாரத்துக்கு இன்னும் மூன்று மைல். காலை ஏழு மணி, தை மாதப் பனி. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் புரியாத வெள்ளை. டீசல் வாடையும் ரத்த வாடையும்தான் படகைவிட்டு அகலவில்லை.

முன்பலகையில் கோவிந்தராசு சாய்ந்து கிடந்தான். படகை ஓட்டிக்கொண்டிருந்த சதீஷின் தங்கை கலைமகளைக் கட்டியவன். வலையில் வந்த திருக்கையின் முள் தொடையில் ஏறிவிட்டது. கட்டிய துண்டு நனைந்து சொட்டியது.

"மீனைப் பிடிக்கப் போயி மீனு என்னைப் பிடிச்சிடுச்சுன்னு கலை சிரிப்பா மச்சான்."

"பேசாம கெட மாப்ள. கரையில வண்டி நிக்குது. அரை மணி நேரத்துல சீர்காழி ஆஸ்பத்திரி."

சதீஷ் ஹாரனை அழுத்தினான். நீட்டி ஒன்று. பனிக்குள் ஓடும் படகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அப்படி ஊத வேண்டும். போய்க்கொண்டிருக்கிறேன், மோதிவிடாதே என்று அர்த்தம்.

பின்னாலிருந்து பதில் வந்தது.

நீட்டி ஒன்று. வெட்டி மூன்று.

சதீஷ் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். நீளமாக ஒரு ஊதல், குட்டையாக மூன்று: கயிறு கட்டி இழுக்கப்படும் படகு ஊதுவது அது. அதுவும் உள்ளே ஆள் இருந்தால் மட்டும்.

அவன் எதையும் இழுத்து வரவில்லை.

"யாரு மச்சான் அது?"

"யாருமில்ல."

மறுபடி ஊதினான். மறுபடி பதில். இன்னும் கிட்டத்தில். எஞ்சின் திணறியது, படகு ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தான்.

படகின் பின்பக்கம் கயிறு கட்டும் பின்வளையத்திலிருந்து ஒரு கயிறு, நீர் சொட்டச் சொட்ட, விறைப்பாகப் பனிக்குள் போனது.

போன தையிலும் இதே பனி. எஞ்சின் நின்றுபோன அண்ணன் மனோகரனின் படகை இழுத்து வந்தான். அலை தூக்கியடித்தது. ரெண்டும் கவிழ்ந்துவிடும் என்று கத்தியை எடுத்தான். கயிறு தெறித்துவிட்டதாக ஊரில் சொன்னான். அதை நம்பி அவன் தோளில்தான் கலைமகள் அழுதாள். பனிக்குள் அண்ணன் வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணே, இவனை மட்டும் விட்டுடுண்ணே. கலை பாவம்ணே."

நீட்டி ஒன்று. வெட்டி மூன்று.

கோவிந்தராசுவின் தலை தொங்கியது. இந்த வேகத்தில் போனால் கரைக்குப் பிணம்தான் போகும். சதீஷ் கத்தியை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு அறுத்தான்.

படகு துள்ளி ஓடியது.

"மாப்ள! தப்பிச்சோம்டா!"

பதில் முன்பலகையிலிருந்து வரவில்லை. பின்னால், தூரத்தில், பனிக்குள்ளிருந்து வந்தது.

"ஏன் மச்சான் அறுத்த? நான் பின்னாடி இந்தப் படகுலதானே இருக்கேன்."

முன்பலகையில் ஈரத் துண்டு மட்டும் கிடந்தது.

சதீஷ் அலறிக்கொண்டே படகைத் திருப்பினான். கரை எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது. ஹாரனை அழுத்தினான். நீட்டி ஒன்று, வெட்டி இரண்டு. இழுத்துப் போகிறேன் என்று அர்த்தம். போன தையில் அறுத்த பிறகு ஊதாமல் விட்டது.

அமைதி.

பிறகு இரண்டு ஹாரன்கள், ஒன்றையடுத்து ஒன்று.

நீட்டி ஒன்று, வெட்டி மூன்று.

நீட்டி ஒன்று, வெட்டி மூன்று.

பின்வளையத்தில் தொங்கிய அறுந்த கயிறு தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்து இறுகியது.