தலைகீழ்ப் பழக்கம்

சனியைக் காட்டு என்றால் அது எதிர்க் கட்டடத்தின் ஜன்னலைக் காட்டியது.

சர்வேயர் முதலில் சிரித்தார். பால்கனி மேசையின் மேல் குட்டைப் பானை போல உட்கார்ந்திருந்த தொலைநோக்கி, ரிமோட்டில் 'சனி' என்று அழுத்தியதும் தொண்டையைக் கனைப்பது போல ஓர் உறுமல் உறுமி, கிழக்கே திரும்பி, மேலே ஏற வேண்டிய நேரத்தில் கீழே இறங்கி, சாலைக்கு அப்பால் இருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் போய் நின்றுகொண்டது. ரிமோட்டின் சின்னத் திரையில் 'கிடைத்தது' என்று சிவப்பெழுத்து. சனி அப்போது முப்பத்தொரு டிகிரி உயரத்தில் இருந்தது. அந்த ஜன்னல் ஒன்பது டிகிரிகூட இருக்காது. முப்பது வருடம் கோணம் அளந்தே சோறு தின்ற ஆளிடம் ஒரு பேட்டரிப் பெட்டி கதை விடுகிறதே என்று வேடிக்கையாக இருந்தது. குனிந்து பார்த்தார். இருட்டு ஜன்னல், தூசி படிந்த கண்ணாடி, அவ்வளவுதான்.

அது, வீட்டில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கடையிலிருந்து எடுத்து வந்த இரண்டில் ஒன்று. "ரெண்டையும் அஞ்சு நாள் வச்சுப் பாருங்க சார். பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொண்டாந்து குடுங்க," என்றிருந்தார் கடைக்காரர். இரண்டுமே மேசை மேல் வைப்பவை, ஒரு கையால் தூக்கிவிடலாம். மூன்று நட்சத்திரங்களை மட்டும் காட்டிக்கொடுத்தால் போதும், மீதி வானத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும், பிடித்ததை விடாமல் பின்தொடரும். ஒன்று உள்ளே குழிந்த கண்ணாடி வைத்தது, குண்டு. இன்னொன்று லென்ஸ் வைத்தது, ஒல்லி.

"குண்டுல எல்லாமே தலைகீழாத் தெரியும் சார். ஒல்லிக்குப் பின்னாடி இந்த வளைஞ்ச துண்டு மாட்டியிருக்கேன், அதனால அதுல..."

"தலைகீழ்தானே? அது எனக்குப் பழகிப்போச்சு," என்று சர்வேயர் குறுக்கே புகுந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குக் கொடுத்த, கோணம் அளக்கும் தியோடலைட் உலகத்தையே கவிழ்த்துக் காட்டும். அளவுக் கம்பு பிடித்துக்கொண்டு நிற்பவர் வானத்தில் காலூன்றித் தொங்குவார். ஆறே மாதத்தில் மூளை அதைத் தானாகப் புரட்டிப் போடக் கற்றுக்கொண்டது. அப்புறம் அவருக்குக் குழாய்க்குள் தெரிவது எதுவும் தலைகீழ் இல்லை. இந்தப் பெருமையைக் கடையில் கால் மணி நேரம் அளந்தார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய வலது கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சொட்டு மருந்து ஓரளவுக்குத்தான் தாங்கும், ஆறு மாதமோ ஒரு வருடமோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மேலேருந்து ஒரு திரை மாதிரி நிழல் இறங்கும். வலது கண்ணை மட்டும் மூடிப் பாருங்க. நிழல் போயிடுச்சுன்னா கண்ணோட வேலை, உடனே வந்துடுங்க. இடது கண் நல்லாருக்கு, அதைப் பத்திக் கவலையே வேண்டாம்." அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்துவார், பிறகு மற்றதை. ஆனால் குழாயில் பார்க்கத் தெரிந்தது வலது கண்ணுக்கு மட்டும்தான். முப்பது வருடம் அது நிலத்தையும் எல்லைக் கல்லையும் மட்டுமே பார்த்திருந்தது. போவதற்குள் ஒரே ஒரு முறை சனியின் வளையத்தைப் பார்த்துவிட வேண்டும். வானத்தில் தடவித் தடவித் தேட அதற்கு இனி நேரமில்லை என்பதால்தான் தானே தேடும் கருவி.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பவள். "ஊர்ல எல்லாரும் சனி பார்வை நம்ம மேல படக்கூடாதுன்னு பயப்படுறாங்க. நீங்க அதைத் தேடிப் போய்ப் பாக்குறீங்க," என்று கேலி செய்தாள். 

இரண்டாம் நாள் மாலையும் குண்டு அதே ஜன்னலுக்குத்தான் போனது. தேதியைத் திருத்தினார், நேரத்தைத் திருத்தினார், மேசைக் காலுக்கடியில் அட்டை மடித்து வைத்து மட்டம் பார்த்தார், நட்சத்திரங்களை மறுபடி காட்டிக்கொடுத்தார். செவ்வாய் என்றால் செவ்வாய்க்குப் போனது, நிலா என்றால் நிலாவுக்கு. சனி என்றால் மட்டும் ஜன்னல். சரி, இது பழுது, ஒல்லிதான் நமக்கு என்று முடிவு கட்டி, குண்டைப் பெட்டிக்குள் வைத்துப் பசைநாடா ஒட்டினார். முடிவெடுத்தும் மனம் அடங்கவில்லை. சாப்பிடும்போது இரண்டு முறை எழுந்து போய்ப் பால்கனிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மூன்றாம் நாள் ஏழு மணிக்கு ஒல்லியை மேசையில் வைத்தார். கீழே சாலையில் வண்டிகளின் இரைச்சல், பக்கத்து வீட்டில் யாரோ எதையோ தாளிக்கும் வாசனை, மாடியில் குழந்தை ஒன்று பந்து தட்டும் சத்தம், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. சனி என்று அழுத்தினார். ஒல்லி கிழக்கே திரும்பியது. நிதானமாகக் கீழே இறங்கியது. நான்காம் மாடி.

இந்த முறை ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

வெறும் சதுரம், அதற்குள் மங்கலான மஞ்சள். விளக்கைத் தரையில் வைத்திருக்கிறார்கள் என்று பட்டது. விளக்கின் பக்கத்தில் ஓர் ஆள் இந்தப் பக்கம் பார்த்து நின்றிருந்தார், கைகளை இரு புறமும் ஒட்டி வைத்துக்கொண்டு. ஏதோ ஓவர்டைம் பார்க்கும் ஆசாமி, பாவம், மின்சாரம் போயிருக்கும், எமர்ஜென்சி விளக்கைக் கீழே வைத்திருக்கிறார், என்று சர்வேயர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்தவர் ஜன்னலைப் பார்ப்பது நாகரிகமில்லை என்று முகத்தை எடுத்தார். அப்போதுதான் மோட்டாரின் ஓசை காதில் விழுந்தது.

வானத்தைப் பின்தொடரும் மோட்டார் ஒரே சீராக, கேட்டும் கேட்காமலும் முனகிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் வானம் அவசரப்படாது. இது கொஞ்சம் முனகியது, நின்றது. மறுபடி முனகியது, நின்றது. குழல் மயிரிழை இடப்பக்கம் போனது, பிறகு வலப்பக்கம், பிறகு மறுபடி இடப்பக்கம். மாடியில் பந்துச் சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்து அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு அறைக்குள் யாரோ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கும் கணக்கு அது.

நான்காம் நாள் மதியம் வேலையில் பொய் சொல்லிவிட்டு எதிர்க் கட்டடத்து வாசலில் போய் நின்றார். காவலாளி செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மேல நாலாவது மாடியில ஆபீஸ் ஏதாவது நடக்குதாண்ணே?"

"நாலாவதா? ஏழு எட்டு மாசமா மொத்தக் கட்டடமே காலி சார். மெயின் ஃப்யூஸையே கழட்டிட்டுப் போயிட்டாங்க. படிக்கட்டு கேட்டுக்குச் சாவி எங்கிட்டயே கிடையாது." காவலாளி நிமிர்ந்து பார்த்தார். "ஏன், வாடகைக்குப் பாக்குறீங்களா?"

திரும்பி வரும் வழியெல்லாம் சர்வேயருக்கு வேறு கணக்கு ஓடியது. அங்கே ஆள் இல்லை. ஆனால் நான் பார்த்தேன். அப்படியானால் கெட்டது கருவி இல்லை, கண். டாக்டர் சொன்ன ஆறு மாதம் முன்கூட்டியே வந்துவிட்டது. இல்லாததைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. இந்தக் கண் வளையத்தைப் பார்க்காமலே போகப்போகிறது. நடுச்சாலையில் நின்று வலது கண்ணைப் பொத்தினார், எடுத்தார், பொத்தினார். பின்னால் வந்த வண்டிக்காரர் திட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வந்து பையை வாசலருகே போட்டதுதான், அவளைப் பால்கனிக்கு, ஒல்லியின் முன்னால் இழுத்து வந்துவிட்டார். 

"இதுல ஒரு நிமிஷம் பாரேன். என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

"கை கழுவிட்டு வரேங்க."

"இப்பவே பாரு."

அவர் குரலைக் கேட்டு அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். சர்வேயர் பால்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிவிட்டால் நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மோட்டார் முனகியது, நின்றது.

"ஏங்க, ஏன் அந்த ஆளு தலைகீழா நிக்கிறாரு?"

அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. அவளுக்கும் தெரிகிறது. ஆள் இருக்கிறார். கண் கெடவில்லை. வாய்விட்டுச் சிரித்தார், அழுகை கலந்த சிரிப்பு.

"டெலஸ்கோப்ல அப்படித்தான் தெரியும். உன் மைக்ராஸ்கோப்ல தெரியலையா?"

"அதுல தெரியும்." அவள் கண்ணை எடுக்காமலே ரிமோட்டின் அம்புக்குறியைத் தடவி அழுத்தினாள். குழல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஆனா ஜன்னலுக்குக் கீழ ஒரு பேனர் தொங்குது. 'இடம் வாடகைக்கு'ன்னு. எழுத்தெல்லாம் நேராத்தானே இருக்கு."

சர்வேயரின் சிரிப்பு நின்றது.

ஒல்லிக்குப் பின்னால் மாட்டிய வளைந்த துண்டு. அதனால அதுல... என்று கடைக்காரர் ஆரம்பித்த வாக்கியம். அதை முடிக்க அவர்தான் விடவில்லை.

அவளை விலக்கிவிட்டுக் குனிந்தார். இடம் வாடகைக்கு. நேரான எழுத்து. கீழே ஒரு தொலைபேசி எண், அதுவும் நேராக. அம்புக்குறியை அழுத்தினார். குழல் மேலே ஏறியது. ஜன்னல் வந்தது. இந்த முறை மூளையைப் புரட்ட விடாமல், பார்ப்பதை மட்டும் பார்த்தார். விளக்கு தரையில் இல்லை. விளக்கு கூரையில் இருந்தது, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில். அந்த ஆளின் பாதங்களும் கூரையில்தான் இருந்தன, விளக்குக்குப் பக்கத்தில், அழுத்தமாக ஊன்றி. தலை கீழே. முடி தரையை நோக்கி நேராகத் தொங்கியது. 

முகம் இந்தக் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளிச்சம் அணைந்தது.

"போயிட்டாரா?" என்றாள் மனைவி.

மோட்டார் முனக ஆரம்பித்தது. இந்த முறை நிற்காமல். குழல் கட்டடத்தின் சுவர் வழியாகக் கீழே இறங்கியது. மூன்றாம் மாடி. இரண்டு. சாலை. மேசையின் விளிம்பைத் தாண்டிக் குனிய முடியாமல் குழல் நடுங்கியது. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் பிரேக் போடவில்லை. யாரும் கத்தவில்லை. சர்வேயர் ரிமோட்டை எடுத்து நிறுத்து என்று அழுத்தினார். திரையில் 'பின்தொடர்கிறது'. மறுபடி அழுத்தினார். பின்தொடர்கிறது.

குழல் பக்கவாட்டில் திரும்பியது. சாலையை விட்டு. அவர்கள் வீட்டுச் சுவருக்கு. சுவரிலிருந்து பால்கனிக் கதவுக்கு. கதவு திறந்திருந்தது. உள்ளே கூடம் இருட்டு. வந்ததும் விளக்குப் போட அவளுக்கு நேரமிருக்கவில்லை. பை வாசலருகே கிடந்தது. குழல் பையைப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏறி, கூடத்தின் கூரையைப் பார்த்தது. கூரையோடு வந்தது. முனகல், நிறுத்தம். முனகல், நிறுத்தம். நடை.

"என்னங்க இது," என்றாள் அவள் மெதுவாக. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல பாக்காத."

குழல் நிமிர்ந்தது. நிமிர்ந்து, நிமிர்ந்து, செங்குத்தாக நின்றது. அவர்கள் தலைக்கு மேல் மாடிவீட்டுப் பால்கனியின் அடிப்பக்கம் மட்டும்தான் இருந்தது, வெள்ளையடித்த சிமெண்ட். மோட்டார் ஓய்ந்தது. ஓசை நின்றுவிட்டது. பின்தொடர்வதற்கு எதுவும் நகரவில்லை.

சர்வேயர் தரையைப் பார்த்தார். மனைவியின் பாதங்கள். அவருடைய பாதங்கள். மேசையின் கால், அதன் கீழே மடித்த அட்டை.

பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு நிழல் இறங்கியது.

மெதுவாக. திரை மாதிரி. டாக்டர் சொன்ன மாதிரியே.

கண்தான். கண்ணாகவே இருக்கட்டும். போனால் போகட்டும், இரண்டுமே போகட்டும், கண்ணாக மட்டும் இருந்துவிட வேண்டும் என்று அவர் மனம் கெஞ்சியது. கையைத் தூக்கினார். தினமும் காலையில் செய்வது போல, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினார்.

நிழல் போகவில்லை.

இன்னும் ஓர் அங்குலம் இறங்கியது. அதற்கு முடி இருந்தது. முடியின் நுனி அவர் கையின் மேல் பட்டது. பிறகு நெற்றி தெரிந்தது. பிறகு புருவம். பிறகு, அவருடைய நல்ல கண்ணுக்கு நேர் எதிரே, அதே மட்டத்தில், தலைகீழாக ஒரு கண்.